நடுநிலைச் சட்டமும் ஸ்பெயினும்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அமெரிக்காவைத் 'தனித்தொதுங்கும் கொள்கை' என்ற ஒரு சொற்றொடரால் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஒதுங்கி நிற்பதும் சில வேளை ஒரு தரப்பில் சேர்வதாகவே முடியும் என்பதை உணர, ஸ்பானிய உள்நாட்டுப் போரின் பக்கம் சற்றுத் திரும்பவேண்டும்.

முதல் உலகப் போருக்குள் நாட்டை இழுத்துவிட்டவர்கள் ஆயுத வியாபாரிகளும் வங்கியாளர்களுமே என்ற ஐயம் அமெரிக்க மக்களிடையே வேரூன்றியிருந்தது. 1934இல் செனட்டர் ஜெரால்டு நையின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அந்த ஐயத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் நன்றாக வளர்த்துவிட்டது. அதன் விளைச்சலே 1935ஆம் ஆண்டின் நடுநிலைச் சட்டம். போரிடும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் விற்கலாகாது என்றது அது. உள்நாட்டுப் போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1936 ஜூலையில் ஸ்பெயினில் தேர்தலில் வென்ற குடியரசு அரசுக்கு எதிராகத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தனர். ஹிட்லரும் முசோலினியும் உடனே அவர்களுக்கு விமானங்களை அனுப்பத் தொடங்கினர். குடியரசோ ஆயுதங்களை விலை கொடுத்து வாங்கவே கேட்டது. சட்டத்தின் ஓட்டையை அடைக்க 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கென்றே தனித் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. செனட்டில் எதிர்ப்பே இல்லை. பிரதிநிதிகள் சபையில் 406 பேர் ஆதரிக்க, எதிர்த்தவர் ஒரே ஒருவர்: மின்னசோட்டாவிலிருந்து அப்போதுதான் சபைக்கு வந்திருந்த ஜான் பெர்னார்டு. அதற்குள் 'மார் கந்தாப்ரிகோ' என்ற கப்பல் சரக்குடன் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டுவிட்டது. பயன் என்ன? மார்ச் மாதம் பிஸ்கே விரிகுடாவில் பிராங்கோவின் கடற்படையிடம் அது சிக்கியது.

நம்மை உறுத்துவது வேறொன்று. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி ஆயுதம், எண்ணெய் ஆயுதமன்று. டெக்சாகோ நிறுவனம் பிராங்கோவுக்குக் கடனுக்கே எண்ணெய் வழங்கியது. எண்ணெயின்றி எந்த விமானம் பறக்கும், எந்த லாரி நகரும்?

1938 மேயில் இத்தடையை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தவர் யாரென நினைக்கிறீர்கள்? அதே ஜெரால்டு நை. நடுநிலை என்றால் இருபுறமும் சமமாயிருக்க வேண்டும் என்பதே அவர் கட்சி. அவரது நேர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பிரிட்டனின் தலையிடாக் கொள்கைக்கு இடையூறு செய்ய அரசுக்கு மனமில்லை. கத்தோலிக்க வாக்குகளைப் பற்றிய கவலையும் ரூஸ்வெல்ட்டுக்கு இருந்தது. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது.

நடுநிலைச் சட்டங்கள் தாக்குபவனுக்கு உதவி, தாக்கப்படுபவனுக்கு உதவியை மறுக்கவும் கூடும் என்று 1939 ஜனவரி 4 அன்று ரூஸ்வெல்ட் காங்கிரஸில் பேசினார். அம்மாத இறுதியில் பார்சிலோனா வீழ்ந்தது. மார்ச் மாத இறுதியில் மாட்ரிட். ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கா பிராங்கோவின் அரசை அங்கீகரித்தது. ஆயுதத் தடையும் அன்றே நீக்கப்பட்டது.