ஜே.எஸ்.பி. சாயம்: மலேரியாவைக் காட்டிக்கொடுத்த நீலம்

மலேரியா ஒட்டுண்ணியை முதலில் கண்டவர் சாயத்தின் துணையின்றியே கண்டார். 1880 நவம்பரில், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில், அல்ஃபோன்ஸ் லாவெரான் நோயாளியின் புதிய குருதித் துளியில் துடிக்கும் இழைகளைப் பார்த்தார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டதும் கருநிறமித் துகள்கள் கொண்ட உருவங்களையே. கூர்ந்த பார்வையும் வேண்டிய நேரமும் உடையவர்களுக்கு அது போதும். காலை முதல் மாலை வரை தகடுக்குப் பின் தகடாகப் பார்க்கும் ஆய்வகப் பணியாளருக்கு ஒட்டுண்ணி நிறத்தால் தனித்துத் தெரிந்தாக வேண்டும்.

அந்த நிறத்தைத் தந்தது மெத்திலீன் நீலம். 1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ துணிச்சாயமாக உருவாக்கிய பொருள் அது. காரத்தன்மை கொண்ட சாயமாதலால் உயிரணுவின் அமிலப் பகுதிகளை, குறிப்பாக நியூக்ளிக் அமிலங்களை, பற்றிக்கொள்ளும். எனினும் தூய மெத்திலீன் நீலம் மலேரியா ஒட்டுண்ணியை முழுமையாகக் காட்டுவதில்லை. எல்லாம் நீலமாகவே தெரியும். 1891இல் புனித பீட்டர்ஸ்பர்க்கின் திமித்ரி ரொமனோவ்ஸ்கி, நாள்பட்டுப் பூஞ்சை படர்ந்த மெத்திலீன் நீலக் கரைசலை ஈயோசினுடன் சேர்த்தபோது ஒட்டுண்ணியின் உட்கரு செவ்வூதாவாகவும் உடற்பகுதி நீலமாகவும் பிரிந்து நின்றன. பழைய கரைசலில் சாயத்தின் ஒரு பகுதி ஆக்சிகரணமடைந்து மெத்தில் தொகுதிகளை இழந்து அசூர் சாயங்களாக மாறியிருந்தது. அந்த அசூரும் ஈயோசினும் சேர்ந்தால்தான் உட்கருவுக்குச் செந்நிறம் ஏறும். கெட்டுப்போன கரைசல் வேலை செய்தது, புதிய கரைசல் செய்யவில்லை என்பது அக்கால வேதியியலாளருக்குச் சிறிது சங்கடமாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தற்செயலை ஒழுங்குபடுத்தியவர் ஹாம்பர்க்கின் குஸ்டாஃப் கீம்சா. 1904 அளவில் அசூர்–ஈயோசின் கலவையை மெத்தனாலிலும் கிளிசராலிலும் கரைத்து நிலைப்படுத்தினார். இன்றும் கீம்சா சாயமே உலகெங்கும் உரைகல். ஆனால் அதற்கு நல்ல மெத்தனால் வேண்டும். அது நச்சும் எரியும் தன்மையும் உடையது. மூலக்கரைசலில் ஈரம் புகுந்தால் சாயம் கெடும். வழக்கமான நீர்த்த கரைசலில் ஒரு தகடு அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். போதாக்குறைக்கு, 1939இல் போர் மூண்டபின் ஜெர்மன் சரக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வர வழியில்லை. பர்மா எல்லையிலோ மலேரியா படைவீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

1944இல் இந்திய மலேரியா நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங், எல்.எம். பட்டாச்சார்ஜி ஆகிய இருவரும் நீரிலேயே கரையும் விரைவுச் சாயம் ஒன்றை வெளியிட்டனர். அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளே ஜே.எஸ்.பி. ரொமனோவ்ஸ்கியின் கரைசலில் காலமும் பூஞ்சையும் செய்ததை இவர்கள் அமிலத்தையும் வெப்பத்தையும் கொண்டு செய்தனர். அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் அரை கிராம் மெத்திலீன் நீலம். அதில் நீர்த்த கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாக. பின் அரை கிராம் பொட்டாசியம் டைகுரோமேட். அமிலத்தை ஈடுசெய்ய டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். கலவையைக் கொதிக்கவைத்தால் ஆழ்ந்த நீலம் திரும்பும்போது அசூர் உருவாகியிருக்கும். வடிகட்டி, சில நாள் முதிரவிட்டால் முதற்கரைசல் ஆயத்தம். இரண்டாவது கரைசல் நீரில் கரைத்த ஈயோசின் மட்டுமே. தகட்டை ஈயோசினில் ஓரிருமுறை தோய்த்து, கழுவி, நீலத்தில் அரை நிமிடம் அளவில் வைத்து மீண்டும் கழுவினால் போதும். மெத்தனால் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மெல்லிய பூச்சை நிலைப்படுத்த அது தேவை. ஆனால் பெருந்திரள் ஆய்வுக்குப் பயன்படும் தடித்த பூச்சுக்கு அதுவும் வேண்டாம்.

இந்த அரை நிமிடத்தின் மதிப்பு சில ஆண்டுகளில் தெரிந்தது. விடுதலைக் காலத்தில் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் இறப்புகள் என மதிப்பிடப்பட்டது. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. ஊழியர்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று, காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியிலிருந்து குருதி எடுத்தனர். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினரின் குருதியையேனும் ஆண்டுதோறும் பார்ப்பது இலக்கு. தகடொன்றுக்கு அரை மணி நேரமும் இறக்குமதிச் சாயமும் கேட்கும் முறையில் அது எளிதில் நடந்திராது. ஒழிப்பின் புகழ் முழுவதும் டி.டி.டி.க்கே எழுதப்படுவது சற்று அநீதி. மருந்து தெளித்த ஊரில் நோய் உண்மையில் ஓய்ந்ததா என்று சொன்னவை இந்தத் தகடுகளே. 1961இல் நோயாளர் எண்ணிக்கை 50 ஆயிரம் அளவுக்கு இறங்கியதையும், 1976இல் 64 லட்சமாக ஏறியதையும் அவையே காட்டின.

மலிவான இச்சாயத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் நுண்ணோக்கியருகே இருந்தவர்களல்லர், சாயம் காய்ச்சும் அறையில் இருந்தவர்கள். மெத்திலீன் நீலம் விரலில் பட்டால் சில நாள் கறை, அவ்வளவே. டைகுரோமேட் அப்படியன்று. அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் தோலில் புண்ணாக்கும். அதன் தூளை நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். ஆகவே கையுறையுடன், ஆவியுறிஞ்சும் கூண்டினுள் எடைபோட வேண்டும்; அமிலத்தை நீரில் சேர்க்க வேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது; பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய வழக்கம் கூடவே கூடாது; மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாமல் குரோமியக் கழிவாகத் தனியே சேர்க்க வேண்டும். தடித்த பூச்சு நிலைப்படுத்தப்படாதது என்பதால் அக்குருதியையும் தொற்றுடையதாகவே கருத வேண்டும்.

இன்று விரைவுச் சோதனைப் பட்டைகள் வந்துவிட்டன. ஆயினும் நாட்டின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீலமும் சிவப்புமாக இரண்டு ஜாடிகள் இன்னும் அருகருகே இருக்கின்றன. குருதியில் எத்தனை ஒட்டுண்ணிகள் உள்ளன, மருந்துக்குப் பின் அவை குறைகின்றனவா என்று எண்ணிப் பார்க்கப் பட்டையால் இயலாது.