வில்லிஸ் வைத்தியரின் கோல்

உண்ட உணவு தொண்டையைக் கடந்தும் இரைப்பையை அடையாது மீளுமாயின், அம்மனிதர் யாது செய்வார்? நேயர்களே, ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் வில்லிஸ் 1674ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய நோயாளி ஒருவரைக் காண்கிறோம். பசியும் இருந்தது, உணவும் இருந்தது, உண்டதெல்லாம் வாந்தியாயிற்று. அவர் பட்டினியால் மடிந்திருக்க வேண்டியவரே.

வில்லிஸ் ஒரு கோல் செய்வித்தார். திமிங்கிலத்தின் மேற்றாடையில் தொங்கும் வளைந்து கொடுக்கும் தகட்டினால் ஆனது அது. அதனைத் திமிங்கில எலும்பு என்பர், உண்மையில் எலும்பன்று. அதன் நுனியிலே கடற்பஞ்சு பொருத்தப்பட்டிருந்தது. உண்டபின் நோயாளி தாமே கோலைத் தொண்டையினுள் இறக்கி, உணவை இரைப்பைக்குத் தள்ளிவிடுவார். எத்துணைத் துன்பம்! ஆயினும் நாள்தோறும் அவ்வாறே செய்து, 15 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

இரைப்பையின் வாயில் அடைபட்டிருப்பதே காரணமென வில்லிஸ் கருதினார். அங்குள்ள தசைவளையம் நரம்புக் கேட்டினால் தளராதிருப்பதை இன்று அறிவோம். அத்தசையைக் கீறி வழிதிறக்கும் சத்திரசிகிச்சையை 1913ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ற் ஹெல்லர் செய்தார்.