கீழ்ப்பாக்கமும் என் படபடப்பும்

யாராவது ஏடாகூடமாப் பேசினா "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சொல்லிச் சிரிப்போம் இல்லையா? நானும் சிரிச்சவன்தான் மக்களே. அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை மூணு வருஷம்.

வேப்பம்பட்டுல ரயில் ஏறும்போதே ஆரம்பிச்சிடும். கேஸை அணைச்சோமா, ஆபீஸ்ல என்ன சொல்வாங்க, பையனுக்கு ஏதாவது ஆயிடுமோ... ஆவடி வர்றதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஈசிஜி மூணு தடவை எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். "மனநல டாக்டரைப் பாருங்க"ன்னாங்க. கீழ்ப்பாக்கமா! வாயைத் திறக்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

அப்புறம்தான் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். 1794-ல, கம்பெனி காலத்துல, வாலண்டைன் கானலி என்கிற அறுவை மருத்துவர் புரசைவாக்கத்துல ஒரு மனநோயாளர் காப்பகம் தொடங்கினார். 1871-ல கீழ்ப்பாக்கத்துக்கு மாறுச்சு. அப்போ அதுக்குப் பேரு 'லூனடிக் அசைலம்'. 1922-ல 'மனநல மருத்துவமனை' ஆயிடுச்சு. ஆனா 'பூட்டி வைக்கிற இடம்'ங்கிற நினைப்பு மட்டும் நம்ம வாயில அப்படியே ஒட்டிக்கிச்சு.

அதே 1871-ல அமெரிக்காவுல டா கோஸ்டாங்கிற மருத்துவர், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களோட படபடப்பைப் பத்தி எழுதினார். இதயத்துல பெரிய கோளாறு தெரியல, ஆனா துடிப்பு அடங்கல. அட, நம்ம ஈசிஜி கதை! 1895-ல ஃப்ராய்டு இதை 'பதற்ற நியூரோசிஸ்'னு தனியாப் பிரிச்சார். 1980-ல வந்த டிஎஸ்எம் மூன்றாம் பதிப்புலதான் திடீர்னு தாக்குற பீதி வேற, ஓயாத கவலை வேறன்னு பிரிச்சு, ரெண்டாவதுக்கு 'ஜெனரலைஸ்டு ஆங்சைட்டி டிஸ்ஆர்டர்'னு பேர் வெச்சாங்க. ஒரு மாசம் நீடிச்சாலே நோய்னு இருந்ததை 1987-ல ஆறு மாசமா மாத்தினாங்க.

கீழ்ப்பாக்கமும் சும்மா இருக்கல. 1961-லிருந்து 1978 வரைக்கும் அதுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்னு பேர் வாங்கினவங்க. 1984-ல 'ஸ்கார்ஃப்' அமைப்பையும் தொடங்கினாங்க.

இதெல்லாம் படிச்ச பிறகுதான் ஒரு டாக்டர்கிட்ட போனேன். யாரும் பூட்டி வைக்கலீங்க! கொஞ்ச நாள் மாத்திரை, கூடவே சிந்தனைப் பழக்கத்தை மாத்துற பயிற்சி. கவலையை நோட்டுல எழுதணும், அதுக்குன்னு சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கணும், காபியைக் குறைக்கணும். கவலை முழுசாப் போகல. ஆனா ஆவடி தாண்டியும் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்க முடியுது.

உங்களுக்கும் இப்படின்னா மூணு வருஷம் காத்திருக்காதீங்க. 2022-ல தொடங்கின டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

அந்த "கேஸ்" ஜோக்கை நான் விட்டுட்டேன். நீங்க?