கிளேஷர் தொலைத்த 13 நிமிடங்கள்

வளிமண்டல அடுக்குகளைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அடுக்குமண்டலத்தின் வாசல்வரை முதலில் போன மனிதர் யார் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. பழைய புத்தகங்களை நம்பி ஜேம்ஸ் கிளேஷர் என்று எழுதிவிட்டேன்: 1862 செப்டம்பர் 5, உயரம் 37,000 அடி, அதாவது 11 கிலோமீட்டருக்கும் மேல். மனம் கேட்காமல் அவரே எழுதியதைத் தேடிப் படித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கிளேஷர் கிரீனிச் வானாய்வகத்தில் வானிலைப் பிரிவைக் கவனித்தவர். அப்போது வயது 53. பலூனை ஓட்டியவர் ஹென்றி காக்ஸ்வெல். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் நிலக்கரி வாயு நிரப்பி, பகல் 1.03-க்குக் கிளம்பினார்கள். ஆக்சிஜன் கிடையாது, கூடையில் ஆறு புறாக்கள் இருந்தன. 29,000 அடிவாக்கில் கிளேஷருக்குக் கை வரவில்லை, கண் தெரியவில்லை, 1.54-க்குக் கடைசியாக அளவெடுத்தார், சற்று நேரத்தில் நினைவு தப்பியது. வால்வுக் கயிறு சிக்கிக்கொண்டதால் காக்ஸ்வெல் மேலே வளையத்தில் ஏறினார். குளிரில் கைகள் கறுத்து மரத்துப்போக, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். (2019-இல் வந்த ‘தி ஏரோநாட்ஸ்’ திரைப்படம் அவரைத் தூக்கிவிட்டு ஒரு கற்பனைப் பெண்ணை ஏற்றியது. அந்தப் பல்லுக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.) 2.07-க்குக் கிளேஷர் மறுபடி அளவெடுக்கத் தொடங்கினார்.

ஆக, 37,000 என்பது அவர் கண்ணால் படித்த எண்ணே அல்ல. இடைப்பட்ட 13 நிமிடங்களுக்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறார். முதலாவது கணக்கு: கடைசியாக அளந்தபோது பலூன் நிமிடத்துக்கு 1,000 அடி ஏறியது, மறுபடி அளந்தபோது 2,000 அடி இறங்கியது, இரண்டையும் இணைத்தால் 36,000, 37,000 வருகிறதாம். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், வருகிறது. ஆனால் வேகம் கடைசிவரை குறையவே இல்லை என்றால்தான் வரும். இரண்டு வேகமும் சராசரியில் பாதியாக இருந்திருந்தால், 29,000-க்கு மேலான உயரமும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். இரண்டாவது, வளையத்திலிருந்து இறங்கிய காக்ஸ்வெல் அரைமயக்கத்தில் கண்ட அழுத்தமானி முள்: 7 அங்குலம், அதுவும் அதே உயரத்தைத்தான் காட்டுகிறதாம். அந்தப் பார்வையை எவ்வளவு நம்புவது?

என்னை உண்மையில் உறுத்தியது மூன்றாவது சாட்சி. எட்டிய கடுங்குளிரைத் தானே குறித்துவைக்கும் வெப்பமானி அது. காட்டியது மைனஸ் 11.9 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 24 செல்சியஸ். இதுவும் 37,000 அடியையே காட்டுகிறது என்கிறார் கிளேஷர். 1894-இல் ஜெர்மனியில் ஆர்தர் பெர்சன் ஆக்சிஜனோடு 9,155 மீட்டர் ஏறினார். அங்கேயே மைனஸ் 47.9 செல்சியஸ். அதைவிட இரண்டு கிலோமீட்டர் மேலே குளிர் பாதியாகுமா? பெர்சன் கொண்டுபோனது ரிச்சர்ட் அஸ்மான் வடிவமைத்த கருவி. விசிறியால் காற்றை இழுத்து வெப்பமானியின் மேல் ஓடவிடும். கிளேஷரின் வெப்பமானிகளோ கூடைக்குள் வெயிலின் சூட்டையும் சேர்த்து அளந்தவை. அந்தத் தப்பான அளவுகளிலிருந்தே உயரத்தைக் கணித்தால், சாட்சி வாதிக்குச் சாதகமாகத்தான் பேசும்.

1901-இல் பெர்சனும் ரைன்ஹார்ட் சூரிங்கும் 10,800 மீட்டர் ஏறினார்கள். ஆக்சிஜன் இருந்தும் இருவரும் மயங்கினார்கள். அது இல்லாமல் காக்ஸ்வெல் 11,000-த்துக்கு மேல் கயிறு இழுத்தார் என்பதை நான் ஏற்கவில்லை.

கிளேஷர் பொய் சொன்னவர் அல்ல; தன் கருவியை அளவுக்கு மீறி நம்பியவர். என் குறிப்பேட்டில் 37,000-ஐ அடித்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது: 29,000 அடி, அதற்கு மேல் சாட்சி இல்லை.