ஒரு சங்கு எத்தனை டெசிபல்?

1920-கள் முடியுற நேரத்துல ரெண்டு விஷயம் நடந்தது. அமெரிக்காவுல டெலிபோன் பொறியாளர்கள் தங்கள் அலகுக்கு 'டெசிபல்'னு பேர் வெச்சாங்க. இங்கே, 1929-ல, சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான மாஞ்சோலைக் காடு 8,373 ஏக்கர், 99 வருஷக் குத்தகையில பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போச்சு.

தேயிலைத் தோட்டத்துல வேலை நேரத்தைச் சொல்றது ஃபேக்டரி சங்கு. அது எத்தனை டெசிபல்? கேள்வியே ரெண்டு. சங்கு வெளியே விடுற மொத்த சக்தி, ஒலித்திறன். நம்ம காதுக்கு வந்து சேர்றது, ஒலி அழுத்தம். திறன் மாறாது, அழுத்தம் தூரத்தைப் பொறுத்தது.

கணக்குக்கு, சங்கோட திறன் 1 வாட்னு வெச்சுக்குவோம். திறன் அளவுல அது 120 டெசிபல். திறந்த வெளியில, தரைமட்டத்துல ஊதினா, 10 மீட்டர்ல அழுத்த அளவு சுமார் 92. தூரம் பத்து மடங்கானா 20 குறையும்: 100 மீட்டர்ல 72, ஒரு கிலோமீட்டர்ல 52. மலையும் மரமும் இதை இன்னும் மாத்தும்.

அதனால, ஃபேக்டரி பக்கத்து லைன் வீட்டுல தூக்கத்தைக் கலைக்கிற அதே சங்கு, தூரத்து மலைச்சரிவுல கொழுந்து பறிக்கிறவங்களுக்கு லேசாத்தான் கேட்கும். ஆனா ரெண்டு பேருக்கும் உத்தரவு ஒண்ணுதான்.

குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தது. கம்பெனி 2024 ஜூன்லயே வேலையை நிறுத்திடுச்சு. தலைமுறைகளா அங்கேயே வாழ்ந்தவங்க, எங்கே போறதுன்னு கேட்டு நீதிமன்றம் போனாங்க. அந்தக் குரலுக்கு டெசிபல் கணக்கு கிடையாது.