பரியும் ஆசானும்

யானை பிடித்துப் பழக்கும் தொழிலால் ஒரு காலத்திற் பெயர் பெற்றிருந்தது நமது வன்னிநாடு. வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்து வந்தனர். ஆனையிறவு என்னும் பெயர் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. காட்டு விலங்கை வசப்படுத்தும் வித்தை பணிக்கரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தது. குதிரையின் வரலாறோ வேறு. அது தமிழ்நிலத்துக்குப் பெரும்பாலும் மரக்கலத்தில் வந்த பொருளாகவே இருந்தது. குதிரையை வாங்கினோம், அதனைப் பயிற்றும் ஆசானை வாங்க இயலவில்லை. இக்குறையையும், அதனை அண்மையில் ஓர் இளைஞர் எவ்வாறு கடந்தார் என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

பாண்டியன் பொருட்டுக் குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்குச் சென்ற வாதவூரர் வரலாற்றைச் சைவ மக்கள் நன்கறிவர். நரி பரியான திருவிளையாடல் இறைவனின் அருட்டிறத்தைப் பேசுவது. ஆயினும், பெருநிதி கொடுத்துத் துறைமுகத்திற் குதிரை வாங்கும் அரச வழக்கம் அக்கதையின் பின்னே நிற்பதை வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பினான் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100 தானும் எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பேணும் முறை அறிந்தார் இல்லாமையும், குதிரை வைத்தியரை இங்கு வரவிடாது வணிகர் தடுத்தமையும் அதற்குக் காரணமென அவர் கூறினார். எண்ணிக்கையில் மிகையிருக்கலாம், காரணம் சிந்தித்தற்குரியது.

நெடுந்தீவும் இதற்கோர் சான்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்குக் குதிரைகளை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானிய அதிகாரியாகிய நோலன் என்பவர் அத்தொழிலை மேற்பார்வை செய்தார். பின்னர் அது கைவிடப்பட்டது. பயிற்றுவோரை இழந்த குதிரைகள் காட்டுக்குதிரைகளாயின. கோடையில் நீருக்கு அலையும் அவற்றின் வழித்தோன்றல்களையும், லாயத்தின் சிதைந்த தூண்களையும் அங்கு செல்வோர் இன்றும் காணலாம்.

இனி, குதிரைப் பயிற்சியின் உச்சியாக ஐரோப்பியர் போற்றும் டிரெசாஜ் என்னும் கலையை நோக்குவாம். இப்பிரெஞ்சுச் சொல்லின் பொருளே பயிற்றுதல் என்பதாம். இது வேகத்தை அளக்கும் போட்டியன்று. 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட களத்திற் குதிரை குறித்த நடைகளை முறைப்படி நிகழ்த்துகின்றது. நின்ற நிலையிலேயே தாளத்தோடு அடியெடுத்து வைத்தலும், பாய்ச்சலின் இடையே முன்செல்லும் காலை மாற்றுதலும் உயர்நிலைப் பயிற்சிகளாம். ஒவ்வொன்றுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை புள்ளியிடுவர். வீரர் வாய் திறந்து கட்டளையிடுதல் குற்றமாகும். இருப்பாலும் காலாலும் கடிவாளத்தாலும் மட்டுமே தம் கருத்தை உணர்த்துதல் வேண்டும். ஆதலின், ஒரு குதிரையைப் போட்டிக்குரியதாக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

இக்கலையில் ஆசிய அரங்கில் வென்றவர் அனுஷ் அகர்வல்லா. கல்கத்தாவில் 1999ஆம் ஆண்டு பிறந்த இவர் சிறுவயதிலேயே குதிரையேறப் பழகினார். தம் நகரிற் கிடைத்த பயிற்சி போதாமையால், வாரந்தோறும் டில்லிக்குச் சென்று பயின்று, மீண்டும் பாடசாலைக்குத் திரும்பினார். 2017ஆம் ஆண்டு, தம் 17ஆம் வயதில், ஜேர்மனி சென்று ஹூபேட்டஸ் ஷ்மிட் என்பாரை அடைந்தார். ஷ்மிட் 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் ஜேர்மனியக் குழுவோடு பொற்பதக்கம் வென்றவர். வீரராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே புகழ் பெற்றவர். அவருடைய பண்ணையில் அனுஷ் பயின்ற முறை நமது பழைய குருகுல வாசத்தை நினைவூட்டுகின்றது.

பயன் விளைய ஆறாண்டுகள் சென்றன. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் அனுஷ், ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோரைக் கொண்ட இந்தியக் குழு 209.205 புள்ளிகளோடு பொற்பதக்கம் பெற்றது. குதிரையேற்றத்தில் 1982ஆம் ஆண்டின் பின், அஃதாவது 41 ஆண்டுகளின் பின், இந்தியா பெற்ற பொன் அதுவாகும். எட்ரோ என்னும் குதிரையில் அனுஷ் தனிநபர் வெண்கலமும் வென்றார். 2024ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கில் டிரெசாஜ் போட்டியிற் பங்குபற்றிய முதல் இந்தியரானார். ஆங்கு 66.444 புள்ளிகளே கிடைத்தமையால் இறுதிச்சுற்றை எய்திலர். ஆயினும், அக்களத்திற் புகுந்தமையே ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியதாகும்.

எனினும், இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. குதிரையும் ஆசானும் பயிற்சிக்களமும் ஐரோப்பாவிலேயே இருந்தன. இலங்கையின் சார்பில் டோக்கியோ ஒலிம்பிக்கிற் குதிரையேறிய முதல்வராகிய மெத்தில்டா கார்ல்சனும் இங்கே பிறந்து சுவீடனில் வளர்ந்தவரே. கடல் கடந்து செல்லும் செல்வம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மார்க்கோ போலோ கண்ட குறை இன்னும் முற்றாக நீங்கிற்றில்லை.

ஆசானின் அருமையை யான் நூல்களில் மட்டும் கற்றேனல்லேன். பகலிற் கற்பித்து, இரவில் விளக்கொளியில் நூல்களையே துணையாகக் கொண்டு வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன் யான். ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஒருவர் இல்லாத துன்பத்தை நன்கறிவேன். வன்னிப் பாடசாலைகளில் ஓட்டத்திலும் இசையிலும் கணிதத்திலும் முளைத்து, பயிற்றுவார் இன்மையாற் கருகிய திறமைகளையும் கண்டுள்ளேன். நெடுந்தீவுக் குதிரைகளிடத்தும் வலிமைக்குக் குறைவில்லை. பயிற்றும் கையே இல்லாது போயிற்று.

குதிரையை ஒரு நாளில் வாங்கலாம். ஆசானை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும். வெளிநாடு சென்று கற்றோர் மீண்டு வந்து பத்துப் பேருக்குக் கற்பிக்கும் நாளிலேயே அக்கலை இம்மண்ணின் கலையாகும். இஃது பரிக்கலைக்கு மட்டுமன்றி எக்கலைக்கும் பொருந்தும். இக்கல்லூரியிற் கற்று வெளியேறும் மாணவர் இதனை உள்ளத்திற் கொள்வாராக.