வெண்பனியை அளந்த வரலாறு

மாரி ஓய்ந்ததும் வட்டக்கச்சி உழவர் முதலில் வினவுவது, இரணைமடுவில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே. அவ்வளவைக் கொண்டுதான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது கூட்டத்தில் முடிவாகும். குளத்தில் அளவுகோல் உண்டு. ஆகவே விடை எளிது. சிந்து, சத்லஜ் போன்ற இமயத்து ஆறுகளை நம்பி விதைப்போருக்கு அவ்வசதி இல்லை. கோடையில் அவர்களுக்கு வரவேண்டிய நீரிற் பெரும்பங்கு மலைமுகடுகளில் வெண்பனியாய்க் கிடக்கிறது. வன்னியிற் பனி என்றால் மார்கழி விடியலிற் புல்லின்மேல் நிற்பது. அங்கோ அதுவே குளம். கட்டும் இல்லை, அளவுகோலும் இல்லை.

அக்குளத்துக்கு அளவுகோல் தேடித் தந்தவர் பொறியியலாளர் அல்லர். அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழி கற்பித்த ஜேம்ஸ் சேர்ச் என்னும் பேராசிரியர் அவர். மொழி கற்றவருக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்போர் இவரை நினைத்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் ரோஸ் என்னும் மலையில் ஏறி, பனிக்குள் நீண்ட குழாயைச் செருகி, அதனுள் அகப்பட்ட பனியை நிறுத்துப் பார்த்தார். ஆழத்தை மட்டும் அளப்பதாற் பயனில்லை. பனியின் வகையையும் அறிதல் வேண்டும். புதுப்பனி பஞ்சு போன்றது. பத்து அங்குலம் உருகினால் ஏறத்தாழ ஓரங்குல நீரே தேறும். இறுகிய பழம்பனியோ அதே ஆழத்தில் நான்கு, ஐந்து அங்குல நீரைத் தரும். 1947இல் அவர் இந்தியாவுக்கும் வந்து இமயத்துப் பனியை அளக்கும் பணிக்கு வழிகாட்டினார்.

எனினும் குழாயைச் சுமந்து எத்தனை சிகரங்களில் ஏறலாம்? 1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1 என்னும் வானிலைச் செய்மதியின் படங்களிலேயே பனிப்பரப்புத் தென்பட்டது. அப்பரப்பைக் கொண்டே சிந்து, காபூல் ஆறுகளின் பருவ நீர்வரத்தை மதிப்பிடலாமென 1977இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. சத்லஜ் ஆற்றின் பக்ரா நீர்த்தேக்கத்துக்கு வரும் உருகுநீர் 1980களில் இவ்வழியே முன்கணிக்கப்பட்டது.

ஆனால் மேலிருந்து நோக்கின் பனியும் வெண்மை, முகிலும் வெண்மை. இம்மயக்கத்தைத் தீர்த்தது கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளி. அவ்வொளியின் ஒரு பகுதியில் முகில் வெளுத்தே தோன்ற, பனி கறுத்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. பனி முதிர முதிர அதன் மணிகள் பருக்கின்றன; மணி பருக்கப் பருக்க அவ்வொளியில் அது மங்குகிறது. புதுப்பனியையும் பழம்பனியையும் படத்திற் பிரித்து வரைவதற்கு இதுவே வழி.

உழவருக்கு வேண்டிய செய்தியோ, உருகல் எப்போது தொடங்கிற்று என்பது. அதனைச் சொல்வது ரேடார். உலர்பனியை ரேடார் அலை ஊடுருவி நிலத்தைத் தொட்டு மீளும். ஈரப்பனி அலையை விழுங்கிவிடுவதாற் படத்தில் இருண்டு தோன்றும். இதற்கு இரவும் முகிலும் தடையல்ல. 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி ஈ.ஆர்.எஸ்.-1 முதலாக இத்தகைய படங்கள் ஒழுங்காகக் கிடைத்து வருகின்றன.

பரப்பும் வகையும் ஈரமும் இவ்வாறு வானிலிருந்தே தெரிகின்றன. செங்குத்தான சரிவுகளில் உறைந்துள்ள நீரின் அளவு மட்டும் இன்னும் செய்மதிக்குச் சரிவரப் பிடிபடவில்லை. அதற்காகச் சேர்ச்சின் குழாயைத் தோளிற் சுமந்து மலையேறுவோர் இன்றும் உளர்.